சல்லடைக்கு அடங்காத கல்: ரிசீவர் ஃபில்டர் வாங்குமுன்

கேள்வி: மன்னார்குடிக்கு அருகே கிராமத்தில் வசிக்கும் நான் அண்மையில் ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் பெற்றேன். பழைய யேசு (Yaesu) எஃப்.டி.-857டி ரேடியோ செட் ஒன்று விலைக்கு வருகிறது. அதற்கு 2.3 கிலோஹெர்ட்ஸ், 500 ஹெர்ட்ஸ், 300 ஹெர்ட்ஸ் ஃபில்டர்களில் எதை வாங்குவது? அல்லது புதிய ஐகாம் ஐ.சி.-7300 வாங்கிவிடலாமா? பேச்சு, மோர்ஸ் இரண்டும் 40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்) அலைவரிசையில்தான்.

பதில்: ஃபில்டர் என்பது ஒரு சல்லடை. நீங்கள் கேட்கும் நிலையத்தின் அகலத்துக்கு வெளியே இருப்பதை அது தடுக்கும்; அந்த அகலத்துக்குள்ளேயே வந்து விழும் இரைச்சலைத் தடுக்காது. அரிசியின் அளவே உள்ள கல் சல்லடைக்கு அடங்குவதில்லை. அதைத் தண்ணீரில் அரித்துத்தான் எடுக்க வேண்டும். ஆகவே உங்கள் வீட்டில் தொல்லை தருவது பக்கத்து நிலையமா, இரைச்சலா என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள்.

செட்டை விற்பவரிடம் ஓர் இரவு இரவல் கேட்டு, 12 வோல்ட் பேட்டரியில் இணைத்து, 7.100 மெகாஹெர்ட்ஸுக்கு அருகில் காலியான இடத்தில், சிக்னலின் வலிமையைக் காட்டும் எஸ்-மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். மெயினை அணைத்தவுடன் இன்வெர்ட்டர் ஓடத் தொடங்கி இரைச்சலைக் கூட்டிவிடும் என்பதால் அதையும் சேர்த்தே அணைக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எஸ்-7 காட்டிய முள் எஸ்-3க்கு இறங்கினால், ஓர் எஸ் அலகு 6 டெசிபல் என்ற கணக்கில் 24 டெசிபல் இரைச்சல் உங்கள் வீட்டுக்குள்ளேயே பிறக்கிறது. பேச்சுக்கான 2.4 கிலோஹெர்ட்ஸிலிருந்து 500 ஹெர்ட்ஸுக்குக் குறுக்கினாலும் இரைச்சல் ஏறத்தாழ 7 டெசிபல்தான் குறையும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் மின்சாரமற்றிருந்த நாட்களில் இப்பகுதியில் பேட்டரியில் செட் இயக்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள்; எந்த ஃபில்டரும் தராத அமைதி அது. எனவே மலிவான எல்.இ.டி. விளக்கு, சோலார் சார்ஜ் கன்ட்ரோலர், இன்வெர்ட்டர் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.

அதன் பிறகும் மோர்ஸ் நிலையங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கேட்டால், 500 ஹெர்ட்ஸ் ஃபில்டரையே வாங்குங்கள். செட்டிலேயே டி.எஸ்.பி. (சிக்னலை எண்களாக்கி வடிகட்டும் சுற்று) இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். இந்த மாடலில் டி.எஸ்.பி. ஒலிப் பகுதியில், அதாவது சிக்னலின் வலிமைக்கேற்பப் பெருக்கத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஏ.ஜி.சி.க்குப் பிறகு, வேலை செய்கிறது. பக்கத்தில் வலுவான நிலையம் ஒன்று வந்தால் டி.எஸ்.பி. அதைக் காதுக்குக் கேளாமல் செய்துவிடும், ஆனால் ஏ.ஜி.சி. அதைக் கண்டு முழு ரிசீவரையும் அடக்கிவிட, நீங்கள் கேட்டுக்கொண்டிருந்த மெல்லிய நிலையமும் சேர்ந்து அமுங்கி எழும். 455 கிலோஹெர்ட்ஸ் ஐ.எஃப்.பில் (இடைநிலை அதிர்வெண் பகுதியில்) பொருத்தும் மெக்கானிக்கல் ஃபில்டர் அந்த வலுவான நிலையத்தை ஏ.ஜி.சி.யின் வாசலுக்கு முன்பே நிறுத்திவிடுகிறது.

300 ஹெர்ட்ஸ் வேண்டாம் என்பதற்குக் காரணம் நமது வானிலை. மின்னலின் துடிப்பு மிகக் குறுகியது. ஃபில்டர் எவ்வளவு குறுகுகிறதோ அவ்வளவு நேரம் அத்துடிப்பு மணியோசைபோல் நீண்டு ஒலிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் இடி முழங்கும் இரவுகளில் 300 ஹெர்ட்ஸ் வழியே கேட்டால் மின்னல் துடிப்பும் மோர்ஸ் புள்ளியும் ஒரே குரலில் பேசுவதுபோல் இருக்கும். மின்கம்ப இணைப்பில் பொறி பறக்கும் சடசடப்புக்கு நாய்ஸ் பிளாங்கர்தான் மருந்து. துடிப்பு நீள்வதற்கு முன்பே அதை வெட்டிவிட வேண்டும் என்பதால் அந்தச் சுற்று குறுகிய ஃபில்டருக்கு முன்னால் அமைக்கப்படுகிறது.

2.3 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. செட்டோடு வரும் பேச்சு ஃபில்டரின் அகலமும் ஏறக்குறைய அதேதான். அகலத்துக்கு வெளியே சரிவு செங்குத்தாவது நல்லதே. ஆனால் அடுத்த தெருவில் இன்னொரு ஹாம் இல்லாத ஊரில் அதற்காகப் பெரிய விலை கொடுக்க நான் சொல்லமாட்டேன். இந்த ஃபில்டர்கள் புதிதாகக் கிடைப்பதும் அரிது. கையால் செய்து பார்க்கும் ஆசை இருந்தால், ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் செட்டைப் போலச் சில ஒத்த கிரிஸ்டல்களைக் கோத்து ஏணி ஃபில்டர் அமைக்கலாம். குறைந்த செலவில் அது கற்றுத்தருவது ஏராளம்.

2016இல் வெளிவந்த ஐ.சி.-7300 வேறு இனம். ஆன்டெனாவிலிருந்து வரும் அலைகளை முன்பகுதியின் அகன்ற வடிகட்டிகள் வழியே அனுப்பி நேரடியாக எண்களாக மாற்றுகிறது. ஃபில்டர் அகலம் எல்லாம் மென்பொருளில் இருப்பதால் பேச்சுக்கு 2.4 கிலோஹெர்ட்ஸ், மோர்ஸுக்கு 500 ஹெர்ட்ஸ் என்று திரையிலேயே மாற்றிக்கொள்ளலாம். தனியே வாங்க எதுவுமில்லை. ஆனால் எண்ணாக மாற்றும் சில்லு, நீங்கள் கேட்கும் நிலையத்தோடு வடிகட்டி விட்டுவைத்த அத்தனையையும் சேர்த்தே வாங்குகிறது. 40 மீட்டரில் நமது உரிம எல்லை 7.200இல் முடிய, அதற்கு மேலே இரவில் வலுவான ஒலிபரப்பு நிலையங்கள் வந்து நிற்கும். திரையில் ஓ.வி.எஃப். (சில்லு தாங்கும் அளவு மீறிவிட்டது) என்று எரிந்தால் முன்பெருக்கியான ப்ரீஆம்ப்பை அணைத்து, ஆர்.எஃப். கெயினைக் (சிக்னல் பெருக்க அளவை) குறையுங்கள். இரவு 40 மீட்டரில் ப்ரீஆம்ப் தேவையே இல்லை.

பணம் இருந்தால் 7300ஐயே வாங்குங்கள். 857டிதான் கைக்கெட்டும் என்றால், இப்போதைக்கு ஃபில்டர் இல்லாமலே வாங்கி, மிச்சப் பணத்தில் வீட்டிலிருந்து தள்ளி, தென்னைகளுக்கு இடையே 20 மீட்டர் நீள டைபோல் ஆன்டெனா ஒன்றை உயரமாகக் கட்டி, ஒரு பருவம் கேட்டுப் பாருங்கள். தை பிறந்த பிறகும் மோர்ஸில் நெரிசல் உறுத்தினால் அப்போது 500 ஹெர்ட்ஸைத் தேடலாம்.