டே ரேட் 400 பவுண்டு, கைக்கு வருவது ஏன் குறைகிறது? பிரிட்டன் கான்ட்ராக்டர்களின் கேள்விகள்

கேள்வி: ஏஜென்சி நாளுக்கு 400 பவுண்டு என்றது. அம்ப்ரெல்லா கம்பெனியோ (கான்ட்ராக்டர்களைத் தன் ஊழியராக வைத்துச் சம்பளம் போடும் இடைநிறுவனம்) முதலாளி கட்ட வேண்டிய தேசியக் காப்பீட்டையும் அதிலேயே பிடித்திருக்கிறது. இது சட்டப்படி சரியா?

சரிதான், ஆனால் உங்களிடம் சொன்ன விதம் சரியில்லை. அந்த 400 உங்கள் சம்பளமே இல்லை, ஏஜென்சி அம்ப்ரெல்லாவுக்குக் கொடுக்கும் தொகை. முதலாளியின் காப்பீடு (2025 ஏப்ரலிலிருந்து 15%), அப்ரெண்டிஸ்ஷிப் லெவி (தொழிற்பயிற்சிக்கான வரி) 0.5%, அம்ப்ரெல்லாவின் மார்ஜின் (கட்டணம்) எல்லாம் போய் மிஞ்சுவதுதான் சம்பளம், உங்கள் வருமான வரியும் உங்கள் பங்குக் காப்பீடும் அப்புறம் அதிலிருந்து போகும். விடுமுறைச் சம்பளமும் இதற்குள்தான், பெரும்பாலும் 12.07% என்று தனியாகக் காட்டுவார்கள். அதை அவ்வப்போது தருகிறார்களா, பிடித்து வைக்கிறார்களா என்று இன்றே கேளுங்கள். 2020 ஏப்ரலிலிருந்து, நீங்கள் சம்மதம் சொல்லும் முன்பே இந்தப் பிடித்தங்களை உதாரணக் கணக்கோடு காட்டும் முக்கியத் தகவல் ஆவணத்தை ஏஜென்சி தந்தாக வேண்டும். போனில் சொன்ன ரேட்டை நம்பி வீட்டுக் கடனுக்குக் கணக்குப் போடாதீர்கள்.

கேள்வி: கிளையன்ட் பணம் தரவில்லையாம், அதனால் என் லிமிடெட் கம்பெனிக்குச் சேர வேண்டியதை ஏஜென்சி நிறுத்தி வைத்திருக்கிறது.

2003-ஆம் ஆண்டின் ஏஜென்சி நடத்தை விதிகள் இதை அனுமதிப்பதில்லை. டைம்ஷீட்டில் கையெழுத்து இல்லாவிட்டால்கூட, செய்த வேலைக்குப் பணம் தர வேண்டும். ஆனால் நீங்கள் ‘ஆப்ட்-அவுட்’ (இந்த விதிகள் எனக்கு வேண்டாம் என்னும்) கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு போச்சு, ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் மிச்சம். தேதியைப் பாருங்கள்: வேலையில் சேர்ந்த பிறகு வாங்கிய கையெழுத்து அந்த வேலைக்குச் செல்லாது. ஆப்ட்-அவுட் செய்தால்தான் வேலை என்று நிபந்தனை போடவும் கூடாது.

கேள்வி: ஐஆர்35-க்குள் (சொந்த லிமிடெட் கம்பெனி வழியாக வேலை செய்தாலும் ஊழியரைப் போல வரி கட்ட வைக்கும் விதி) வருகிறேனா என்று முடிவு செய்வது யார்?

2021 ஏப்ரலிலிருந்து தனியார் துறையிலும் நடுத்தர, பெரிய கிளையன்ட்தான், காரணத்தோடு எழுத்தில். மறுத்து எழுதினால் 45 நாளில் பதில் சொல்ல வேண்டும். சிறிய கிளையன்ட் என்றால் முடிவு உங்கள் கம்பெனியுடையது.

கேள்வி: ஒரு அம்ப்ரெல்லா 85% கைக்கு வரும் என்கிறது. சேரலாமா?

வேண்டாம். சம்பளத்தில் ஒரு பகுதியைக் கடன், அட்வான்ஸ் என்று வேறு பெயரில் தந்து வரியைத் தவிர்க்கும் திட்டமாகத்தான் இருக்கும், பிறகு எச்எம்ஆர்சி (பிரிட்டன் வரித் துறை) உங்களிடமே வந்து நிற்கும். அம்ப்ரெல்லா கட்டாத வரிக்கு 2026 ஏப்ரல் 6 முதல் ஏஜென்சியும் பொறுப்பு என்ற விதி நல்ல விதிதான், ஆனாலும் அதை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். எச்எம்ஆர்சி ஆப்பில் தெரியும் சம்பளமும் உங்கள் பேஸ்லிப்பும் ஒத்துப்போகின்றனவா என்று மாதா மாதம் பாருங்கள்.