ஏழே நாளில் அச்சாகும் என்கிறார்கள், போகலாமா?

கேள்வி: சுற்றுச்சூழல் அறிவியலில் பிஎச்.டி. செய்கிறேன். நொய்யல் கரையோரக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து எழுதிய கட்டுரையை ஒரு நல்ல ஆய்விதழுக்கு அனுப்பினேன். நான்கு மாதம் கழித்து 'மேஜர் ரிவிஷன்' (பெரிய அளவில் திருத்தி அனுப்பு) என்று வந்திருக்கிறது. கட்டுரையை மதிப்பிட்ட ரிவ்யூவர்களில் முதலாமவர் பரவாயில்லை. இரண்டாமவர் கிழித்துத் தொங்கவிட்டுவிட்டார்: அயனிச் சமநிலைக் கணக்கு எங்கே, பிளாங்க் (வெறும் தூய நீர்ச் சோதனை), டூப்ளிகேட் (ஒரே மாதிரியை இருமுறை சோதிப்பது) வைத்தீர்களா, ஒரே ஒரு முறை தண்ணீர் எடுத்துவிட்டுப் பருவகால மாற்றம் என்று எப்படிச் சொல்லலாம், ஆங்கிலம் மோசம் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க, ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்ப் பட்டியலில் உள்ள இதழில் ஒரு கட்டுரை வேண்டும். பதிவுக்காலம் முடிய ஐந்து மாதம்தான் இருக்கிறது. இதற்கிடையில், 15 ஆயிரம் ரூபாய் கட்டினால் ஏழு நாளில் அச்சேற்றுவதாக வேறோர் இதழிலிருந்து மெயில் வந்தது (இணைத்திருக்கிறேன்). "அதுல போட்டு முடிச்சிடும்மா" என்கிறார் கைடு. தனக்குத் தெரிந்த இன்னொரு பேராசிரியர் பெயரையும் சேர்க்கச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?
பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: பணத்தைக் கட்டாதீர்கள், சகோதரி. முதல் இதழிலிருந்து கட்டுரையைத் திரும்பப் பெறவும் வேண்டாம். பிடிக்காத கட்டுரையை எடிட்டர்கள் ரிவ்யூவர் கையில் கொடுக்காமலே திருப்பிவிடுவார்கள். நான்கு மாதம் வைத்திருந்து, திருத்தி அனுப்பு என்று சொல்கிறார்கள் என்றால் உங்கள் கட்டுரை அவர்களுக்கு வேண்டியிருக்கிறது. கைடு சொன்னாரே என்று அங்கே இருக்கும்போதே இங்கேயும் அனுப்பிவிடாதீர்கள். ஒரே கட்டுரையை இரண்டு இடத்தில் கொடுப்பது குற்றமாகவே பார்க்கப்படும்.

நீங்கள் இணைத்திருந்த மெயிலைப் படித்தேன். 'யு.ஜி.சி. கேர் பட்டியலில் உள்ள இதழ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். தரமான இதழ்கள் என்று வைத்திருந்த அந்தப் பட்டியலையே யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது! 'குளோபல் இம்பாக்ட் ஃபேக்டர்' என்று ஒன்று வேறு. எல்லோரும் மதிக்கும் இம்பாக்ட் ஃபேக்டரை (ஓர் இதழின் கட்டுரைகளைச் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற எண்) ஆண்டுதோறும் வெளியிடுவது கிளாரிவேட் நிறுவனம். முன்னால் 'குளோபல்' ஒட்டிக்கொண்டு வருவது வேறு சரக்கு. ஸ்கோபஸ் லோகோவையும் நம்பாதீர்கள், லோகோவை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். ஸ்கோபஸின் சொந்தப் பட்டியலில் இதழின் அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என். எண்ணைப் போட்டுத் தேடுங்கள். இதழ் இருக்கிறதா, எந்த ஆண்டோடு நிறுத்தியிருக்கிறார்கள் என்று இரண்டையும் பாருங்கள். நல்ல இதழின் பெயரிலேயே போலித் தளம் நடத்துகிறவர்களும் உண்டு.

பணம் கேட்பதாலேயே ஓர் இதழ் மோசம் என்று நான் சொல்லவில்லை. யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடும் நல்ல இதழ்கள் இதைவிடப் பல மடங்கு வாங்குகின்றன. அதேபோல, பெரிய பெயர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்றும் இல்லை. நம் துறையில் ஆயிரக்கணக்கில் கட்டுரை வெளியிட்ட 'இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் என்விரான்மென்டல் ரிசர்ச் அண்ட் பப்ளிக் ஹெல்த்' 2023 மார்ச்சில் கிளாரிவேட்டின் 'வெப் ஆஃப் சயின்ஸ்' இதழ்ப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2024 டிசம்பரில் எல்சேவியரின் 'கீமோஸ்பியர்' இதழுக்கும் அதே கதி.

அந்தக் கீமோஸ்பியரில் 2024-ல் வந்த ஒரு கட்டுரையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கருப்பு பிளாஸ்டிக் சமையல் கரண்டிகளில் தீத்தடுப்பு ரசாயனம் இருப்பதாகச் சொன்ன ஆய்வு அது. கரண்டி வழியாக ஒருவர் உடலுக்குள் நாளொன்றுக்கு 34,700 நானோகிராம் போகக்கூடும் என்று கணக்கிட்டிருந்தார்கள். பாதுகாப்பு வரம்பு கிலோவுக்கு 7,000 நானோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு எவ்வளவு? 42,000 என்று எழுதிவிட்டார்கள்! கிட்டத்தட்ட வரம்பைத் தொட்டுவிட்டதாக உலகம் முழுக்கச் செய்தி ஓடியது, பலர் கரண்டியைக் குப்பையில் போட்டார்கள். சரியான விடை 4,20,000. மெக்கில் பல்கலைக்கழக வேதியியலாளர் ஜோ ஷ்வார்ட்ஸ் இதைச் சுட்டிக்காட்டிய பிறகு டிசம்பரில் திருத்தம் வந்தது. ஆய்வின் முடிவு மாறவில்லை என்று ஆசிரியர்கள் சொன்னார்கள், அது இருக்கட்டும். அச்சேறும் முன்பு யாராவது ஒருவர் அந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்திருந்தால் அவர்களுக்கு இந்தத் தலைகுனிவு வந்திருக்காது. உங்கள் இரண்டாம் ரிவ்யூவர் அந்த வேலையைத்தான் சம்பளம் வாங்காமல் உங்களுக்குச் செய்துகொடுத்திருக்கிறார்.

அவர் கேட்ட அயனிச் சமநிலை ஒரு மாலை நேர வேலைதான். தண்ணீரில் நேர்மின், எதிர்மின் அயனிகளின் மின்சுமை சமமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அளவீட்டில் எங்கோ பிழை. எக்செல்லில் ஒவ்வொரு அயனியின் மில்லிகிராம் அளவையும் அதன் சமான எடையால் வகுங்கள்: கால்சியத்துக்கு 20, சோடியத்துக்கு 23, குளோரைடுக்கு 35.5, சல்பேட்டுக்கு 48, பைகார்பனேட்டுக்கு 61, இப்படி. நேர்மின் அயனிகளை ஒரு பக்கமும் எதிர்மின் அயனிகளை ஒரு பக்கமும் கூட்டுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மொத்தக் கூட்டுத்தொகையால் வகுத்து நூறால் பெருக்கினால் பிழை விகிதம் வந்துவிடும். 5 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி, 10 வரை பொதுவாக ஏற்பார்கள். சாயக்கழிவு கலந்த கிணறுகளில் குளோரைடு எக்கச்சக்கமாக இருக்கும், நீர்த்துத்தான் டைட்ரேஷன் செய்திருப்பீர்கள். பிழை எகிறினால் முதலில் லேப் நோட்டில் அந்த நீர்ப்புக் கணக்கைப் பாருங்கள். அடுத்த சந்தேகம் பைகார்பனேட் மேல். பாட்டிலில் பல நாள் கிடந்த தண்ணீரில் அது மாறிவிடும். அப்படியும் சரியாகாத மாதிரிகளை விட்டுவிட்டு, எத்தனையை ஏன் விட்டீர்கள் என்று கட்டுரையிலேயே எழுதுங்கள்.

பிளாங்க், டூப்ளிகேட் வைத்திருந்தால் அட்டவணையில் சேருங்கள். வைக்கவில்லையா, வைக்கவில்லை என்றே எழுதுங்கள். புதிதாக எண்களை உண்டாக்கிவிட வேண்டாம். பருவகாலம் பற்றி அவர் சொன்னது நியாயம். ஒருமுறை எடுத்த தண்ணீர் அந்த மாதத்தைப் பற்றித்தான் பேசும். தலைப்பிலிருந்தும் முடிவுரையிலிருந்தும் அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் விஷயம் தீர்ந்தது. ஆங்கிலத்துக்கு நன்றாக எழுதும் நண்பர் ஒருவர் போதும்.

ரிவ்யூவர் கேட்ட எல்லாவற்றையும் செய்தாக வேண்டும் என்றில்லை, எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அவர் சொன்னதை அப்படியே எழுதி, கீழே உங்கள் பதில், எந்த வரியில் மாற்றியிருக்கிறீர்கள் என்ற எண். கோபம் வேண்டாம், கும்பிடும் வேண்டாம். மாதிரி பார்க்க வேண்டுமானால் 2001-ல் தொடங்கிய 'அட்மாஸ்பெரிக் கெமிஸ்ட்ரி அண்ட் பிசிக்ஸ்' இதழின் தளத்துக்குப் போங்கள். ரிவ்யூவர் கருத்தும் ஆசிரியர்கள் பதிலும் அங்கே வெளிப்படையாகவே கிடக்கும். வறுபட்டவர் நீங்கள் மட்டும் இல்லை என்ற ஆறுதலும் கிடைக்கும்.

அப்புறமும் நிராகரித்தால்? திருத்திய கட்டுரையை ஸ்பிரிங்கரின் 'என்விரான்மென்டல் மானிட்டரிங் அண்ட் அசெஸ்மென்ட்' போன்ற இதழுக்கு அனுப்பலாம். அங்கே ஓப்பன் ஆக்சஸ் (யாரும் இலவசமாகப் படிக்கும் முறை) வேண்டாம், சந்தா வழி போதும் என்று தேர்ந்தெடுத்தால் காசு கட்ட வேண்டியதில்லை.

காலக்கெடு பற்றி. 2022 நவம்பரில் வந்த யு.ஜி.சி. விதிகளில், ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்பது எடுக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் பல பல்கலைக்கழகங்கள் சொந்த விதியில் வைத்திருக்கின்றன. உங்கள் பல்கலைக்கழக விதியை வாங்கிப் படியுங்கள்: கட்டுரை அச்சாகியிருக்க வேண்டுமா, ஏற்புக் கடிதம் போதுமா? இன்னொன்று, பெண் ஆய்வாளர்களுக்கு இரண்டு ஆண்டு வரை கூடுதல் அவகாசம் தரலாம் என்று 2016 விதிகளிலும் இருக்கிறது, 2022 விதிகளிலும் இருக்கிறது. கேட்காமல் யாரும் தர மாட்டார்கள், எழுதிக் கேளுங்கள். எடிட்டருக்கும் ஒரு மெயில் போட்டால் திருத்த இன்னும் சில வாரம் பெரும்பாலும் கிடைக்கும்.

கைடிடம் சண்டை வேண்டாம். "சார், அந்த இதழை ஸ்கோபஸ் பட்டியலில் தேடிப் பார்த்தேன், இல்லை. பின்னால் வைவாவில் கேட்டால் நம் இருவருக்கும் சங்கடம்" என்று திரையைக் காட்டிச் சொல்லுங்கள். ஒருவேளை பட்டியலில் இருந்தால், ஏழு நாளில் எந்த ரிவ்யூவர் படித்தார் என்று கேளுங்கள்.

அந்த இன்னொரு பேராசிரியர் பெயர்? திருத்தும் கட்டத்தில் புதிய பெயர் நுழைந்தாலே எடிட்டர்கள் உஷாராகிவிடுவார்கள், பெயரை விலைக்கு விற்கும் வியாபாரம் அந்த அளவுக்கு இருக்கிறது. காரணம் கேட்பார்கள், எல்லா ஆசிரியர்களின் சம்மதத்தையும் எழுத்தில் கேட்பார்கள். இதையே கைடிடம் சொல்லலாம். அந்தப் பேராசிரியர் லேப் கொடுத்து உதவியிருந்தால் நன்றியுரையில் ஒரு வரி எழுதுங்கள், போதும்.