படத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் கார்டைத் திருப்புங்கள்

செங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு உலகத்துக் கோபுரங்கள், பாலங்கள், பாழடைந்த நகரங்கள் இவற்றின் படக் கார்டுகளை முப்பது வருஷமாகச் சேர்த்து வருகிறேன். மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற அன்பர்கள் கேட்டு அனுப்பியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

புனலூரிலிருந்து ஓர் ஆசிரியை: தாத்தா காலத்து டிரங்குப் பெட்டியில் லண்டன் டவர் பிரிட்ஜ் கார்டு ஒன்று கிடைத்தது. தேதி எதுவும் இல்லை. எந்தக் காலத்தது என்று சொல்ல முடியுமா அண்ணாச்சி?

டவர் பிரிட்ஜ் திறந்தது 1894. அதற்கு முந்தியதாக இருக்காது, அவ்வளவுதான் படம் சொல்லும். மிச்சத்தை முதுகுதான் சொல்லும். பின்பக்கம் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு ஓடுகிறதா? இடப்பக்கம் சேதி, வலப்பக்கம் விலாசம் என்ற இந்த ஏற்பாட்டை இங்கிலாந்து 1902-ல்தான் அனுமதித்தது. ஜெர்மனியில் 1905, அமெரிக்காவில் 1907. அதற்கு முன்னால் பின்பக்கம் முழுக்க விலாசத்துக்கே. சேதி எழுத வேண்டுமென்றால் படத்தின் ஓரத்தில் கிடைக்கிற வெள்ளையில் நுணுக்கி எழுத வேண்டியதுதான். அப்படிப் படத்தின் மேலேயே கிறுக்கிய கார்டைப் பார்த்து ‘யாரோ கெடுத்துவிட்டார்கள்’ என்று பழைய பேப்பர் கடைக்காரர் ஒதுக்கி வைப்பார். நீங்கள் ஒதுக்காதீர்கள்.

கோடு இருக்கிறதென்றால் அடுத்து தபால்தலையைப் பாருங்கள். தாடி வைத்த இரண்டு ராஜாக்கள் வருவார்கள். வழுக்கைத் தலை ஏழாம் எட்வர்ட் என்றால் 1910-ஐ ஒட்டியோ அதற்கு முன்போ வந்த தபால்தலை. வகிடெடுத்து வாரியிருந்தால் ஐந்தாம் ஜார்ஜ், அதற்குப் பிந்தியது. ஆனால் ஒன்று: தபால்தலையின் மேல் குத்திய முத்திரை சொல்வது தபாலில் போட்ட தேதியை. கார்டு அச்சாகிப் பத்து வருஷம் கடையில் தூங்கியிருக்கலாம்.

நகரியிலிருந்து ஒருவர்: என்னிடம் பழைய தாஜ்மகால் கார்டு இருக்கிறது. லட்சக்கணக்கில் போகுமா அண்ணா?

போகாது. எல்லோரும் வாங்குகிற இடம் என்பதால் தாஜ்மகாலையும் ஈபிள் கோபுரத்தையும் போட்டுத் தள்ளியிருக்கிறார்கள். ஈபிள் கோபுரத்தில் 1889 கண்காட்சியின்போதே கார்டு விற்றார்கள். பெயர் தெரியாத ஒரு சின்ன ஸ்டேஷனின் கார்டுக்குத்தான் ஆட்கள் அடித்துக்கொள்வார்கள்.

களியக்காவிளை: அசல் போட்டோவா, அச்சுப் படமா என்று கண்டுபிடிப்பது எப்படி?

நகை ஆசாரி கண்ணில் மாட்டுகிற லென்ஸ் போதும். வானத்துப் பகுதியில் வைத்துப் பாருங்கள். கோலப்புள்ளி மாதிரி ஒழுங்காகப் புள்ளிகள் தெரிந்தால் அச்சு. புள்ளியே இல்லாமல் சாம்பல் நிறம் வழுவழுவென்று இறங்கினால் போட்டோ.

தென்காசி: மழைக்காலத்தில் கார்டெல்லாம் நமத்துப் போகிறது. எப்படிப் பத்திரப்படுத்துகிறீர்கள்?

பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஜோர்டான் நாட்டுப் பெட்ரா கார்டு ஒன்று வைத்திருந்தேன், பாறையில் குடைந்த அந்த முகப்பு. பளபளப்பான பிளாஸ்டிக் ஆல்பத்தில் செருகி வைத்தேன். ஒரு சாரல் சீசன் முடிந்து திறந்தால் கார்டு உறையோடு ஒட்டிக் கிடக்கிறது. அவசரப்பட்டு இழுத்தேன். ரோஜா நிறப் பாறை பாதி பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது. கார்டில் நாலு தூண்தான் மிச்சம்.

அது பிவிசி உறை. புது ரெக்சின் மாதிரி வாசனை வரும், தொட்டால் கொழகொழப்பாக இருக்கும். அதை மென்மையாக்கச் சேர்க்கிற ரசாயனம் நாளடைவில் கசிந்து மையைப் பிடித்துக்கொள்ளும். கசக்கினால் மொறமொறவென்று சத்தம் வருகிற பாலிப்ரோப்பிலீன் உறையை வாங்குங்கள். மாத்திரை டப்பாவில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கிப்போடாமல் பெட்டியில் போடுங்கள். சாரல் ஓய்ந்ததும் நிழலில் காற்றாட வையுங்கள். வெயிலில் வைத்தால் நிறம் வெளுத்துவிடும். ராமபாணப் பூச்சி வந்துவிட்டால் முதலில் பெட்டியை மாற்றுங்கள். அது அட்டையின் பசைக்குத்தான் வருகிறது.

பாலக்காட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: வெளிநாட்டில் தெரிந்தவர்கள் யாரும் இல்லை சார். கார்டு எப்படிக் கிடைக்கும்?

முன்பின் தெரியாதவர்கள் கார்டு அனுப்பிக்கொள்கிற போஸ்ட்கிராசிங் இணையதளத்தில் சேருங்கள் அம்மா. போர்ச்சுகலில் பாவுலோ மகல்யாயிஷ் என்ற மாணவர் 2005-ல் தொடங்கியது. ஒரு விலாசமும் ஓர் அடையாள எண்ணும் தருவார்கள். கார்டில் அந்த எண்ணை எழுத மறந்தால் எல்லாம் வீண். கார்டு போய்ச் சேர்ந்து அவர் அதைப் பதிவு செய்ததும், உலகத்தில் வேறு எவரோ ஒருவருக்கு உங்கள் விலாசம் போகும். நீங்கள் அனுப்பியவரிடமிருந்தே பதில் வரும் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் விலாசத்தைப் பின்கோடோடு தெளிவாகக் கொடுங்கள்.

கம்பம்: தபால்தலையும் சேர்க்கிறேன். கார்டிலிருந்து தலையைத் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கலாமா?

கூடவே கூடாது.

குமுளி: இடிந்துபோன இடங்களின் கார்டு மட்டும் சேர்க்க ஆசை. நல்ல தலைப்பா?

அருமையான தலைப்பு, கொஞ்சம் மனசைப் பிசையும். போஸ்னியாவின் மோஸ்தர் பாலம் 1993-ல் குண்டுக்கு இரையானது. திரும்பக் கட்டி 2004-ல் திறந்தார்கள், மறுவருஷம் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. பழைய பாலக் கார்டையும் புதுப் பாலக் கார்டையும் பக்கத்தில் வைத்தால் அதே வளைவு, கல்லின் நிறம்தான் வேறு. ஆப்கானிஸ்தானின் பாமியான் புத்தர் சிலைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2001-க்குப் பிறகு வெறும் மாடம்தான்.

வெனிஸ் மணிக்கூண்டு விஷயத்தில் மட்டும் உஷார். 1902 ஜூலை 14-ல் சரிந்தது, 1912-ல் அதே இடத்தில் அதே மாதிரி கட்டி முடித்தார்கள். சரிகிற அந்தக் கணத்தையே பிடித்ததாக ஒரு படம் உலவுகிறது. அது ஒட்டுவேலை. நானும் முதலில் ஏமாந்து, பெருமையாக நாலு பேருக்குக் காட்டியிருக்கிறேன்.

ஆரியங்காவு: பெரிய ஊர்களுக்குத்தான் கார்டா? நம் பக்கத்துக்கு ஒன்றும் இல்லையே அண்ணாச்சி.

நம் பக்கம் என்ன குறைச்சல்? 2012-ல் மேற்குத் தொடர்ச்சி மலை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது உங்கள் செந்துருணிக் காடும் அதில் உண்டு. 1904-ல் ரயில் வந்த பாதையில் பதிமூன்று கண்ணறைப் பாலம் நிற்கிறது. கார்டு விற்கிறவர் இல்லையென்றால் நாமே அடிக்க வேண்டியதுதான். நல்ல போட்டோவை 300 ஜிஎஸ்எம் கனமுள்ள அட்டையில் போடச் சொல்லுங்கள். பின்பக்கம் மட்டும் வழுவழுப்பில்லாமல் இருக்கட்டும், இல்லாவிட்டால் பேனா மை இழுவிவிடும்.

தக்கலை: பத்மநாபபுரம் அரண்மனைக் கார்டைத் தமிழ்நாட்டுப் பக்கத்தில் வைப்பதா, கேரளப் பக்கத்தில் வைப்பதா? வீட்டில் சண்டையே வந்துவிட்டது.

மண் தமிழ்நாடு, பராமரிப்பு கேரள அரசு. ரெண்டு பேர் சொல்வதும் சரி. எங்கள் செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை முதலில் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி என்ற கணக்கில் இருந்த ஊர்தானே. நான் திருவிதாங்கூர் என்று தனியாக ஓர் ஆல்பம் போட்டு, சங்கு முத்திரைத் தபால்தலை ஒட்டிய பழைய அஞ்சல் உறைகளுக்குப் பக்கத்தில் அரண்மனையை வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கார்டை இன்னொன்று வாங்கிவிடுங்கள்.