முன்பணம் கொடுத்த இடமும் ஆராய்ச்சி கேட்கும் மகளும்

மதிப்பிற்குரிய அம்மா,

பஸ் நிலையத்துக்கு எதிரே ஓர் இடம் விலைக்கு வந்தது, மகளின் கிளினிக்குக்கென்று முன்பணமும் கொடுத்துவிட்டோம் என்று எழுதியிருந்தீர்கள். பல் மருத்துவப் பட்டப்படிப்பான பி.டி.எஸ். மூன்றாம் ஆண்டு படிக்கும் மகளோ இம்ப்ளான்ட் (பல் இழந்த இடத்தில் தாடை எலும்புக்குள் பொருத்தும் செயற்கை வேர்), தாடை எலும்பு ஆராய்ச்சிக்குப் போகப்போவதாகச் சொல்கிறாள். "எலியை வைத்துக்கொண்டு ஓர் அறையில் உட்காருவதற்கா இத்தனை செலவு செய்தோம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வரியை மட்டும் அழுத்தி எழுதியிருந்தீர்கள். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் மகள் சொல்வது மருத்துவமனைக்குள், நோயாளிகளோடு நடக்கும் ஆராய்ச்சி. இந்தச் சிகிச்சை எத்தனை ஆண்டு தாங்கும், யாருக்கு ஒத்துவராது, பழைய முறையைவிட நல்லதுதானா என்பதையெல்லாம் நேரில் பார்த்து, அளந்து, எழுதிவைத்துச் சொல்கிற வேலை. அதில் பொறுமைதான் பாதித் தொழில்.

இம்ப்ளான்ட் வந்த வரலாற்றையே பாருங்கள். 1952இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் பெர்-இங்வார் பிரோனெமார்க் என்ற ஆய்வாளர் முயலின் கால் எலும்புக்குள் இரத்த ஓட்டத்தைக் கவனிக்க டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்ததும் அதைக் கழற்ற முடியவில்லை. எலும்பு அதைப் பற்றிக்கொண்டிருந்தது. 1965இல் யோஸ்டா லார்சன் என்பவரின் தாடையில் முதன்முதலாக டைட்டானிய இம்ப்ளான்ட்டுகளை வைத்தார். பிறவியிலேயே அண்ணப் பிளவும் தாடைக் குறையும் உள்ளவர் அவர். 2006இல் அவர் இறக்கும்வரை அவை அவருக்குப் பயன்பட்டன. ஆனால் பல் மருத்துவ உலகம் உடனே நம்பிவிடவில்லை. 1981இல் பிரோனெமார்க்கின் சக ஆய்வாளர் ராக்னார் அடெல் குழுவினர் 15 ஆண்டுக் கண்காணிப்பு முடிவுகளை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு டொராண்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான் வட அமெரிக்கா இதை ஏற்றது. அத்தனை ஆண்டும் யாரோ ஒருவர் நோயாளிகளைத் திரும்பத் திரும்ப அழைத்து, எக்ஸ்-ரே எடுத்து எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். உங்கள் மகள் கேட்பது அந்த நாற்காலியைத்தான்.

முன்பு என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவர், பல் மருத்துவ மேற்படிப்பான எம்.டி.எஸ். முடித்த பின் தன் ஆய்வுப் பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டினார். நோயாளி ஒருவருக்கு ஒரு வரி. சிகிச்சை நாள், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஓராண்டு என்று கட்டங்கள். இம்ப்ளான்ட் எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்று கருவி காட்டிய எண்ணும், சுற்றியுள்ள எலும்பு எத்தனை மில்லிமீட்டர் தேய்ந்தது என்பதும் கட்டத்துக்குள் இருந்தன. ஓராண்டுக் கட்டங்கள் சிலவற்றில் எண்ணுக்குப் பதிலாகப் பென்சிலில் எழுதியிருந்தார்: "போன் எண் மாறிவிட்டது." "திருப்பூர் போய்விட்டார்." "மகன் பேசினார், வலி இல்லையாம், வரமாட்டாராம்." அந்தக் காலிக் கட்டங்கள்தான் அவருக்குத் தூக்கம் கெடுத்தவை. இம்ப்ளான்ட் ஆடிப்போய் வேறு மருத்துவரிடம் போனவர்தான் ஒருவேளை வராமல் இருக்கிறார் என்றால், வந்தவர்களை மட்டும் எண்ணிச் சொல்லும் வெற்றிக் கணக்கு பொய்யாகிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய்ச் சிலரை வீட்டிலேயே பார்த்து, பேசி அழைத்துவந்தார்.

குழந்தைகள் என்றால் காத்திருப்பு இன்னும் நீளம். மேல் ஈறுவரை பிளவு உள்ள குழந்தைக்கு, கோரைப் பல் முளைப்பதற்கு முன், பெரும்பாலும் 8 முதல் 11 வயதுக்குள், இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து அந்தப் பிளவை நிரப்புகிறார்கள். அங்கே பல் இல்லாமற்போனால் உடனே இம்ப்ளான்ட் வைக்க முடியாது. எலும்போடு இறுகிய இம்ப்ளான்ட் தாடை வளரும்போது கூடவே நகராது; பக்கத்துப் பற்கள் இறங்கிவர, அது மட்டும் மேலேயே நின்றுவிடும். எனவே வளர்ச்சி முடியும்வரை பொறுக்க வேண்டும். ஒன்பது வயதில் வைத்த எலும்பு ஒட்டு சரியானதா என்பதற்கு முழு விடை பதினெட்டு வயதுக்கு மேல்தான் கிடைக்கும்.

புகையிலையால் வாய்ப் புற்றுநோய் வந்து தாடையின் ஒரு பகுதியை இழப்பவர்கள் நம் நாட்டில் அதிகம். காலிலிருந்து ஃபிபுலா எலும்பை எடுத்துத் தாடையாக வடிவமைத்துப் பொருத்துகிறார்கள். புற்றுநோய்க்கான கதிர்வீச்சுச் சிகிச்சை பட்ட எலும்பில் இம்ப்ளான்ட் எப்படி நிற்கும், எப்போது வைக்கலாம் என்ற கேள்விகளுக்கு இங்கிருந்தே விடை தேட வேண்டும். நோயாளிகள் இங்கேதான் இருக்கிறார்கள்.

இனி வழி. பி.டி.எஸ். பயிற்சி ஆண்டோடு முடிந்ததும் நீட் எம்.டி.எஸ். தேர்வு, பிறகு மூன்றாண்டுப் படிப்பு. வாய்-தாடை-முக அறுவை சிகிச்சை, மாணவர்கள் பெரியோ என்று சொல்லும் ஈறு சிகிச்சைத் துறை, பிராஸ்தோ என்கிற செயற்கைப் பல் துறை ஆகிய மூன்றும் இவளுக்குப் பொருந்தும். எம்.டி.எஸ்.ஸில் ஆய்வேடு கட்டாயம். நோயாளிகளிடம் ஒரு சிகிச்சையைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வு என்றால் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், இத்தகைய ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவும் முடிந்திருக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தை நோயாளிக்குப் புரியும் தமிழில் விளக்க வேண்டும்; ஏழு வயது தாண்டிய குழந்தையிடமும் சம்மதம் கேட்க வேண்டும். கிராமத்துப் பாட்டியிடம் உட்கார்ந்து பேசத் தெரிந்த பெண் இதில் ஒரு படி முன்னால் நிற்பாள்.

சில மாதச் சான்றிதழ் படிப்புக்குப் பணம் கட்டினால் ஆராய்ச்சி வேலை நிச்சயம் என்று யாராவது சொன்னால் கட்டாதீர்கள். எம்.டி.எஸ். இல்லாமலும் ஆய்வு ஒருங்கிணைப்பாளராகச் சேரலாம், அது கௌரவமான வேலைதான். ஆனால் நோயாளிக்கு எந்தச் சிகிச்சை என்று முடிவெடுக்கும் இடத்துக்கு அது அவளைக் கொண்டுபோகாது. வருமானத்தையும் மறைக்காமல் சொல்கிறேன்: முதல் சில ஆண்டுகளில் கிளினிக் வைத்த தோழிகள் இவளைவிட அதிகம் சம்பாதிக்கலாம். பகலில் கல்லூரி, மாலையில் கிளினிக் என்று இருப்பவர்களும் நிறைய உண்டு. அதனால் ஆராய்ச்சியா கிளினிக்கா என்று வீட்டில் சண்டை வேண்டாம்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாணவர்களுக்கு ஐ.சி.எம்.ஆர். என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் குறுகிய கால ஆய்வு உதவித்தொகை தருகிறது. கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் வழிகாட்டலில் இரண்டு மாத வேலை. அதற்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் எம்.டி.எஸ். மாணவர் யாருடைய ஆய்விலாவது விடுமுறையில் உதவட்டும். இடத்தின் உரிமையாளரிடம் பத்திரப் பதிவுக்கு அதுவரை தவணை கேளுங்கள். மகள் திரும்பி வந்ததும், வராமல் போன நோயாளிகளை என்ன செய்தாய் என்று கேளுங்கள். அவள் ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினால், அந்த இடத்துக்கு வைத்திருக்கும் மீதிப் பணத்தை எம்.டி.எஸ். கட்டணத்துக்கு எடுத்து வையுங்கள்.