அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கையில் எது பெரிது: எஸ்ஏடியா, பள்ளி மதிப்பெண்ணா?

பெரும்பாலான கல்லூரிகளில் பள்ளி மதிப்பெண்ணுக்குத்தான் எடை அதிகம். ஜிபிஏ என்பது உயர்நிலைப் பள்ளிப் பாடங்களில் வாங்கிய மதிப்பெண்களின் சராசரி; வழக்கமாக 4.0-க்குக் கணக்கிடுவார்கள். எஸ்ஏடி என்பது கல்லூரிச் சேர்க்கைக்காக எழுதும் சில மணி நேரப் பொதுத் தேர்வு, மதிப்பெண் 400 முதல் 1600 வரை. அதே மாதிரியான இன்னொரு தேர்வான ஏசிடி என்றால் 1 முதல் 36.

காரணம் எளிது. நான்கு வருடம் வகுப்புக்குப் போய், பிடிக்காத பாடத்திலும் வீட்டுப்பாடத்தைக் கெடுவுக்குள் கொடுத்தவர்தான் பட்டப்படிப்பையும் முடிப்பார் என்பது கல்லூரிகளின் கணக்கு. எந்த அளவுக்குக் கடினமான பாடங்களை எடுத்தார் என்றும் பார்ப்பார்கள்.

சரி, அப்புறம் தேர்வு எதற்கு? வீட்டுக்கு வீடு எடை பார்க்கும் கருவி வேறு மாதிரி காட்டும். எல்லோரையும் ஒரே கருவியில் ஏற்றினால்தான் ஒப்பிட முடியும்; அந்தப் பொதுக் கருவிதான் தேர்வு. ஆனால் அதில் ஏறுவது ஒரு நாள் மட்டுமே. பள்ளி மதிப்பெண்ணோ வீட்டுக் கருவி மாதிரி: ஒரு பள்ளியின் 'ஏ' இன்னொரு பள்ளியில் 'பி' ஆகலாம். போதாததற்கு, ஆசிரியர்கள் முன்பைவிடத் தாராளமாகவே 'ஏ' போடுகிறார்கள். கொரோனா காலத்தில் விலக்கிய தேர்வை எம்ஐடி (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) 2022-இல் திரும்பக் கொண்டுவந்தது. கணிதத் தயார்நிலையை அறிய அது உதவுகிறது என்றது. கலிபோர்னியா பல்கலைக்கழகமோ சேர்க்கை முடிவில் அதைப் பார்ப்பதே இல்லை. வசதியுள்ளவர்கள் பயிற்சிக்குச் செலவழித்து மதிப்பெண்ணைக் கூட்டலாம் என்ற புகாரில் நியாயம் உண்டு, ஆனால் மாணவர் விண்ணப்பத்தோடு எழுதி அனுப்பும் கட்டுரைக்கும் அதே கதைதான்.

'தேர்வு விருப்பத்துக்குரியது' என்று ஒரு கல்லூரி சொன்னால் மதிப்பெண்ணைப் பார்க்கவே மாட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, அனுப்பினால் பார்ப்பார்கள், அனுப்பாவிட்டால் மற்றவற்றை வைத்து முடிவெடுப்பார்கள்.