கையில் பிடிப்பதா, மடியில் வைப்பதா?

டேப்லெட் வாங்குவது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: எனக்கு 68 வயது. கண்ணாடி போட்டாலும் செல்போனில் கதை படிக்க முடியவில்லை. மாலையில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து நாவல் படிக்க ஒரு டேப்லெட் வேண்டும். மகன் 11 அங்குலம் வாங்கச் சொல்கிறான். மகள், "அம்மா, கை வலிக்கும், 8 அங்குலமே போதும்" என்கிறாள். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: மகன் பேச்சைக் கேளுங்கள் அம்மா. ஆனால் மகள் சொல்வதும் பொய்யில்லை, அதற்கும் வழி சொல்கிறேன்.

என் அம்மாவுக்குக் கண்புரை அறுவை ஆனபிறகு 8 அங்குல டேப்லெட் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இலேசாக இருக்கிறது, கைக்கு அடக்கமாக இருக்கிறது என்று நினைத்துத்தான் வாங்கினேன். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் அவர் படும் பாடு தெரிந்தது. தன் கண்ணுக்கு வேண்டிய அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கியதும் ஒரு வரியில் இரண்டு மூன்று சொற்கள்தான் நின்றன. நம் மொழியில் சொற்கள் நீளம். 'நினைத்துக்கொண்டிருந்தவளிடம்' என்று ஒரு சொல் வந்தால் 'நினைத்துக்கொண்டிருந்த' ஒரு வரி, 'வளிடம்' அடுத்த வரி. அம்மா விரலை வைத்து மேலே போய், மறுபடி கீழே வந்து, சொல்லை ஒட்டவைத்துப் படித்தார். நாலு வரி படிப்பதற்குள் பக்கம் திருப்ப வேண்டியிருந்தது. கதை எங்கே மனசில் ஓடும்?

8க்கும் 11க்கும் வித்தியாசம் மூன்று அங்குலம்தானே என்று தோன்றும். அந்த எண் திரையை மூலைக்கு மூலை குறுக்காக அளந்த கணக்கு. நீள அகல விகிதம் ஒன்றாக இருந்தால், பரப்பில் பெரியது சின்னதைப்போல் கிட்டத்தட்ட 1.9 மடங்கு. அதே பெரிய எழுத்தில் ஏறக்குறைய இரண்டு பக்க அளவு ஒரே பக்கத்தில் வந்துவிடும்.

இப்போது அம்மாவிடம் 11 அங்குலம்தான் இருக்கிறது. அதைக் கையில் தூக்கிப் பிடிப்பதில்லை. மடியில் ஒரு தலையணை, அதன்மேல் டேப்லெட் சாய்ந்து நிற்கும். கை சும்மா ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். முதலில் ஒரு தொல்லை இருந்தது. திரையைச் சுற்றியுள்ள கறுப்பு ஓரம் மெல்லிசு என்பதால் இடது கட்டைவிரல் திரையில் பட்டுப் பக்கம் தானாகத் திரும்பியது. புத்தகம்போல் திறக்கும் கவர் போட்டோம். மேலட்டையைப் பின்னால் மடித்துப் பிடிப்பதால் இப்போது விரல் திரைக்கு வருவதில்லை.

ஆனால் படுக்கையில் மல்லாந்து படுத்துப் படிக்கிற வழக்கம் உங்களுக்கு இருந்தால் நான் சொன்னதை மறந்துவிடுங்கள். அந்த நிலையில் பெரிய டேப்லெட் பத்து நிமிடம்கூடத் தாங்காது. எடை மட்டும் காரணமில்லை. ஓரத்தில் பிடிக்கும்போது மீதி அகலம் முழுவதும் மணிக்கட்டை வெளிப்பக்கமாக இழுக்கிறது. அப்படியானால் மகள் சொன்னதே சரி.

கேள்வி: கல்லூரி மாணவன் நான். பாடங்கள் எல்லாம் பிடிஎஃப்பாக வருகின்றன. பையில் சுலபமாகப் போகும் என்று 8 அங்குலம் பார்த்து வைத்திருக்கிறேன். போதுமா?

பதில்: போதாது தம்பி. நாவல் இருக்கும் இபப் (EPUB) என்ற மின்னூல் கோப்பு, திரைக்கு ஏற்ப வரிகளை மடக்கிக்கொள்ளும். பிடிஎஃப் அப்படியில்லை. அச்சிட்ட தாள் மாதிரி, அளவு சுருங்கினால் எழுத்தும் சேர்ந்து சுருங்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏ4 தாளின் முழுப் பக்கத்தை 4:3 விகிதத்தில் இருக்கும் 8 அங்குலத் திரையில் நிமிர்த்திக் காட்டினால், 12 பாயின்ட் எழுத்து ஆறரை பாயின்டாகிவிடுகிறது. 11 அங்குலத்தில் அதே எழுத்து 9 பாயின்ட். ஆறரை பாயின்டில் ஆங்கிலம் ஓரளவு படிக்கலாம், நம் எழுத்தில் புள்ளி இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வரும். பெரிதாக்கிப் பெரிதாக்கி, இடமும் வலமும் நகர்த்திப் படித்தால் படத்தை ஒரு பக்கம் பார்த்து விளக்கத்தை இன்னொரு பக்கம் தேட வேண்டியிருக்கும். தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைக்கு அந்த எரிச்சல் வேண்டாம். பேனாவால் ஓரத்தில் குறிப்பு எழுதுவாய் என்றால் இன்னும் அழுத்திச் சொல்வேன், பெரியதே வாங்கு.

வீடியோவுக்கும் சேர்த்து என்றால் விகிதத்தைப் பார்த்துக்கொள். 4:3 திரை பக்கம் படிக்க நல்லது. 16:10 திரையில் படம் ஓடும்போது மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டை குறையும்.

கேள்வி: பெரிய திரை சார்ஜைக் குடித்துவிடும் என்கிறார்களே?

பதில்: குடிக்கும், ஆனால் பெரிய உடம்புக்குள் பெரிய பேட்டரியும் இருக்கும். 2012இல் ஒரே சமயத்தில் வந்த ஐபேட் மினிக்கும் நான்காம் தலைமுறை ஐபேடுக்கும் நிறுவனம் சொன்ன நேரம் ஒன்றுதான், 10 மணி நேரம். பேட்டரியின் கொள்ளளவு மட்டும் மினியில் 16.3 வாட்-மணி, பெரியதில் 42.5. எடையும் 308 கிராம், 652 கிராம் என்று விலகிப்போனது. ஆகவே பெரிய டேப்லெட்டில் நான் பார்ப்பது சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை அல்ல, மறுபடி ஏற எவ்வளவு நேரமாகும் என்பதை. சார்ஜர் எத்தனை வாட் என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஆன்லைனில்தான் வாங்கப்போகிறேன். கையில் எடுத்துப் பார்க்க வழியில்லை. அளவை எப்படி முடிவு செய்வது?

பதில்: விவரப் பட்டியலில் உடலின் நீளம், அகலம், எடை மூன்றும் இருக்கும். அந்த நீள அகலத்துக்கு ஓர் அட்டையை வெட்டுங்கள். எடை சரியாகிற வரை பின்னால் பழைய நோட்டுப் புத்தகங்களை ஒட்டுங்கள். கவருக்குத் தனியாக ஒரு நோட்டு சேர்க்க மறக்காதீர்கள், பட்டியலில் போட்டிருக்கும் எடை கவர் இல்லாதது. கீபோர்டு வைத்த கவர் என்றால் நிறையவே சேர்க்க வேண்டும்.

அப்புறம் நீங்கள் வழக்கமாகப் படிக்கிற இடத்தில், வழக்கமாக உட்காருகிற மாதிரியே உட்கார்ந்து, அந்த அட்டையை அரை மணி நேரம் பிடித்துக்கொண்டிருங்கள். ஐந்து நிமிடம் போதாது, வலி கொஞ்ச நேரம் கழித்துத்தான் கட்டைவிரலின் அடியில் தொடங்கும். இரண்டு அளவிலும் செய்து பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.