ஆராதனையில் அலையும் கண்கள்

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை வரவர சந்தைக்கடையாகிவிட்டது. பின்வரிசையில் பேச்சு ஓய்வதில்லை. கைக்குழந்தைகள் அழுகின்றன, பெரியவர்கள் தூங்கி வழிகிறார்கள். திருவிருந்து வாங்கிய கையோடு பாதிப்பேர் கிளம்பிவிடுகிறார்கள். போன வாரம் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பையன் பிரசங்கம் முடியும்வரை போனில் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தான். முந்தைய தலைமுறையின் பயபக்தி எங்கே போயிற்று? சபை கண்டிப்புக் காட்ட வேண்டாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முந்தைய தலைமுறைகளை ரொம்பவும் நம்பாதீர்கள். 6ஆம் நூற்றாண்டில், இன்றைய பிரான்சிலுள்ள ஆர்ல் நகரத்து ஆயராக இருந்த செசாரியுஸ், வேதவாசிப்பு முடிந்ததும் மக்கள் நழுவுவதைப் பார்த்துப் பொறுக்கமாட்டாமல் கோயில் கதவுகளைச் சாத்த வைத்தவர். நின்றுகொண்டே கேட்பதுதான் அன்றைய வழக்கம். கால்வலிக்காரர்கள் நீண்ட வாசிப்புகளின்போது உட்காரலாம் என்று இரக்கப்பட்டுச் சொன்னார். பிறகு பார்த்தால், நல்ல உடம்போடு இருந்தவர்களும் வீட்டுக் கட்டிலில் கிடப்பதுபோலச் சாய்ந்துகொண்டு ஊர்க்கதை பேசினார்கள். அதையும் அவர் பிரசங்கத்திலேயே சொல்லிப் புலம்பியிருக்கிறார். போன் ஒன்றுதான் புதுசு.

உங்கள் பட்டியலில் குழந்தைகளை முதலில் எடுத்துவிடுங்கள். அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு கூசிப்போய் உட்கார்ந்திருக்கும் தாயை ஒருமுறை திரும்பி முறைத்தால் போதும், அடுத்த வாரம் அவள் வரமாட்டாள். தூங்குகிறவர்களையும் விட்டுவிடலாம். வேதாகமத்தில் வருகிற கதைதான்: துரோவா பட்டணத்தில் அப்போஸ்தலர் பவுல் நடுராத்திரிவரை பேசிக்கொண்டே போக, ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு தூக்கத்தில் சாய்ந்து மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். பவுல் இறங்கிப்போய் அவனை அணைத்துக்கொண்டு, ‘கலங்காதிருங்கள்’ என்றார். திட்டியதாக ஒரு வரி இல்லை. (பிரசங்கத்தைச் சுருக்கியதாகவும் இல்லை. மேலே ஏறிவந்து, அப்பம் பிட்டு, விடியும்வரை பேசியிருக்கிறார்!)

பேச்சும் போனும் வேறு வகை. தூங்குகிறவனால் அடுத்தவருக்கு நஷ்டமில்லை. முன்வரிசையில் ஒளிரும் திரையோ பின்னால் இருப்பவர்களின் கண்ணையும் இழுத்துக்கொள்கிறது. போப் பிரான்சிஸ் 2017இல், திருப்பலியில் குரு இதயங்களை உயர்த்தச் சொல்லும் நேரத்தில் போனை உயர்த்துகிறார்களே, அதில் குருக்களும் ஆயர்களும்கூட இருக்கிறார்களே என்று வருத்தப்பட்டார். அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு. அதற்காகப் பீடத்திலிருந்து பெயர் சொல்லி அதட்டினால், அன்று சபை முழுக்க அந்தப் பையனைத்தான் பார்க்கும். ஆராதனை முடிந்தபின் யாராவது தனியாகப் பேசலாம். அறிவிப்புகளுக்கே அரைமணி எடுத்துக்கொள்ளும் சபையாக இருந்தால், அதை நடத்தும் மூப்பர்களிடமும் அப்படியே தனியாகப் பேச வேண்டியிருக்கும்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். பையன் கடைசிவரை ஸ்கோர் பார்த்தது உங்களுக்குத் தெரிகிறது. அன்றைய பிரசங்க வசனம் எது? உங்கள் கடிதத்தில் அது இல்லை. அடுத்த ஞாயிறு முதல் வரிசைக்குப் போய்விடுங்கள். வாசிக்கப்போகும் பகுதியை முன்கூட்டியே அறிவிக்கிற சபையென்றால் சனிக்கிழமை இரவே ஒருமுறை படித்து வையுங்கள், கவனம் தானாக நிற்கும். அந்தப் பையனுக்கு வேதபாடம் வாசிக்கும் வாய்ப்பு ஒன்று கொடுக்கும்படி போதகரிடம் நீங்களே கேட்டுப்பாருங்களேன். வாசிக்க எழுந்து போகிறவன் போனை இருக்கையில் வைத்துவிட்டுத்தான் போகவேண்டும்.